சும்மா இருந்த முக்கால் மணி நேரம்

இரட்டை ஓட்டுநர் லாரிகளுக்கான விதிப்புத்தகம், ஓட்டாமல் இருக்கும் இரண்டாவது ஓட்டுநரை இப்படி வர்ணிக்கிறது: ‘வண்டி ஓடும்போது, ஓட்டுபவருக்கு எவ்வகையிலும் உதவாமல், பக்கத்து இருக்கையில் ஓய்வாக அமர்ந்திருக்கும் நபர்.’ சும்மா இருப்பதையே பதவியாக்கி, அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த இடம் அது. அந்த இடத்துக்கு, சும்மா இருந்தேன் என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத மனிதர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

லாரி ஷெட்டில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். தன் குரலுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஹாரன் வண்டியை ஓட்டாது, நிறுத்தாது, சத்தம் மட்டுமே போடும் என்பதை அவருக்கு விளக்க யாரும் மெனக்கெடவில்லை. வீட்டில் பல்பு மாற்ற மனைவி ஸ்டூலில் ஏறினால், நாற்காலியில் சாய்ந்தபடி “வலது பக்கம் திருகு” என்பார். விளக்கு எரிந்ததும், “எப்படி மாத்தினேன் பாத்தியா?” என்பார். பிறகு களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிடுவார்.

கூட ஓட்டியவர் அவருடைய தங்கையின் கணவர். அதிகம் பேசமாட்டார், பேச இடம் கிடைத்ததில்லை. அன்று அந்த மாப்பிள்ளைக்கு ஒரே கவலை. மறுநாள் காலை மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். தியேட்டருக்குள் கொண்டுபோகும்வரை கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். லோடை இறக்கியாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் வீடு. நடுவில் ஒரு சோதனைச் சாவடிதான் பாக்கி.

விதி எளிமையானது. ஒருவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். இரண்டு ஓட்டுநர் உள்ள வண்டி அதற்காக நிற்க வேண்டாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவே ஓய்வு. வழி சொன்னால், சைகை காட்டினால் அது வேலை, ஓய்வில் சேராது. அன்று காலையிலிருந்து ஓட்டிய ஹாரன், முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கிக்கொண்டார். எல்லாம் சட்டப்படி.

சாவடி கண்ணில் பட்டதும் மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

“மச்சான், நடுவுல என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. சும்மா இருந்தேன்னு சொல்லிடுங்க. அது போதும்.”

“எனக்கே சொல்லித் தர்றியா மாப்ள? நீ சைக்கிள் பழகும்போதே நான் ரிவர்ஸ்ல மலை ஏறினவன்.”

சோதனை அதிகாரி ஒரு பெண்மணி. யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று காட்டும் பதிவுக் கருவியைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். போகிற போக்கில், “இவர் ஓட்டினப்ப நீங்க சும்மாதானே இருந்தீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையை அசைத்திருந்தால் முடிந்தது.

“யாரு, நானா? சும்மாவா? என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! ஸ்டியரிங் இவர் கையில, வண்டி என் வாயில. லெஃப்ட்ல பைக்கு, ரைட்ல பள்ளம், கியரை இறக்குன்னு நான் சொல்லச் சொல்லத்தான் வந்தாரு.”

“மேடம், அவர் தூங்கினார்,” என்றார் மாப்பிள்ளை. “குறட்டை விட்டார்.”

“கண்ண மூடினா தூக்கமா மாப்ள? இஞ்சின் சத்தத்தக் கவனிச்சிட்டிருந்தேன்!”

“அப்ப உதவி செஞ்சீங்க?”

“பின்னே?”

அதிகாரி பேனாவைத் திறந்தார். உதவி என்றால் ஓய்வு இல்லை. ஓய்வு இல்லையென்றால் காலையிலிருந்து அவர் இடைவெளியே விடாமல் ஓட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட வண்டியை நிறுத்தி, இருவரையும் விடியும்வரை சாவடியிலேயே படுக்கவைத்துத்தான் அனுப்புவார்கள்.

“மேடம், நாளைக்குக் காலையில என் வீட்டுக்காரம்மாவுக்கு ஆபரேஷன். இவரோட சொந்தத் தங்கச்சி.”

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. எழுதாமல் நிமிர்ந்தார். “ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிஜமாவே உதவி செஞ்சீங்களா, சும்மா இருந்தீங்களா?”

பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அவர்களைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

“ஒருத்தன் உழைப்ப இல்லேன்னு சொல்லச் சொல்றீங்க. என் வாயால அது வராது மேடம்.”

வரவில்லை. அதிகாரி எழுதினார். அன்று மாலை சாவடியின் ஓய்வறைக் கட்டிலில் மாப்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, எதிர்க்கட்டிலில் ஹாரன் “பொறுப்புள்ளவனுக்குத்தான் இந்தக் கஷ்டமெல்லாம்” என்று பெருமூச்சு விட்டார்.

மறுநாள் தங்கை பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்குள் போனாள். பிழைத்துக்கொண்டாள். பார்க்க வந்த அண்ணன் வார்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, தான் இல்லாவிட்டால் வண்டி என்ன ஆகியிருக்கும் என்று விளக்கினார். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, நின்றுகொண்டிருந்த கணவரிடம் மெதுவாக, “அந்த நேரத்துல அண்ணன் என்னதாங்க செஞ்சாரு?” என்று கேட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டு, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரமும் தூங்கினார்.