நாற்பதாவது படிவம்

ஒரு பகல் பொழுதில், சரியாக அரை மணி நேரம், நான் என்னைப் பிரம்மா என்று நம்பினேன். சிரியுங்கள், என் மனைவி கோமதி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். பேய், ஆவி என்று எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் இருபத்தாறு வருடம் மேற்பார்வையாளனாக எலிகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு ஆவியெல்லாம் ஒரு பொருட்டா. அப்படிப்பட்டவன், என் பேனாவால் ஒரு பெண்ணைப் படைத்துவிட்டேன் என்று நம்பினேன்.

ஐம்பத்திரண்டு வயதில் அஞ்சல் வழியில் வேளாண் பொருளாதாரம் எம்.ஏ. சேர்ந்திருந்தேன். இரண்டு தடவை தவறிப்போய், கடைசி வாய்ப்பு. மிச்சம் இருந்தது ஆய்வேடு மட்டும். இங்கே மலையாள நாட்டில் பொக்காளி வயல் என்று உண்டு, உப்புத்தண்ணீரில் ஆறு மாதம் நெல், ஆறு மாதம் இறால். அந்த வயல் வைத்திருக்கும் நாற்பது குடும்பங்களைக் கண்டு, கேள்வி கேட்டு, படிவம் நிரப்ப வேண்டும்.

முப்பத்தொன்பது பேரைச் சேற்றில் விழுந்து எழுந்து பார்த்தேன், சத்தியமாக. நாற்பதாவதற்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே ஒருத்தியை எழுதினேன். பள்ளுருத்திக்கும் தெற்கே நான் போயிராத ஒரு கரையோரக் கிராமத்தின் பெயரைப் போட்டேன். பெயர் ரோசிலி, வயது அறுபத்தொன்று, தனியாள், வரப்பின் கோடியில் கடைசி வீடு. சென்ற பருவம் விதைக்காததற்குக் காரணம் என்ற கட்டத்தில், குறும்பு தலைதூக்க, 'முளைகட்டிய விதைநெல்லை வாத்து தின்றுவிட்டது' என்று எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து என் வழிகாட்டி கலைவாணி மேடம் கிடங்குக்கே வந்துவிட்டார். திருச்சிக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். மிளகுத் தூசியில் நாலு தும்மல் போட்டுவிட்டு, "ஒரே ஒரு வீட்டை நேர்ல பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன் சார். நாற்பதாவது வீடு" என்றார்.

"அது ரொம்ப தூரம் மேடம். பத்தாவது வீடு பக்கத்துலயே இருக்கு."

"கடைசி ஆளைத்தான் சார் எல்லாரும் வீட்டுல உக்காந்து எழுதுவாங்க."

ஆட்டோவில் எனக்கு ஊற்றிய வியர்வையில் ஒரு போகம் நெல் விளைந்திருக்கும். பொய்ப் படிவம் என்று தெரிந்தால் பதிவே ரத்து. இப்போதே 'எம்.ஏ. சேட்டன்' என்று கூப்பிடும் சுமைதூக்கிகள் முகத்தில் எப்படி விழிப்பது. ரோசிலி மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம், வேளாங்கண்ணிக்குப் போயிருக்கலாம், துபாய்க்கே போயிருக்கலாம் என்று வழியெல்லாம் அவளை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டே வந்தேன்.

கரையில் இறங்கியதும் சாயாக்கடையில் மேடம், "ரோசிலி வீடு எதுங்க?" என்று கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வரப்பின் கோடியைக் கைகாட்டினார். அங்கே ஒரு வீடு இருந்தது. வாசலில் வாத்துகள் இருந்தன. நம்பினால் நம்புங்கள், வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வெளியே வந்தார்.

"ரோசிலி நீங்கதானேம்மா?" என்றார் மேடம்.

"அதே."

"போன தடவை விதைக்கலையா?"

"அதே."

"விதைநெல்லை வாத்து தின்னுடுச்சா?"

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாக, "அதே."

மலையாளத்தில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். மேடம் தமிழ்க் காதோடு, படிவத்தில் உள்ள அதேதான் என்று எடுத்துக்கொண்டார். எந்த மொழியில் கேட்டாலும் எனக்கு விடுதலைதான், ஆனால் சந்தோஷப்படத் தோன்றவில்லை; எழுதியதெல்லாம் பலிக்கும் என்றால் என்ன ஆவது. விடுப்புக் கடிதங்களில் நான் சாகடித்த சித்தப்பாக்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

மேடம் படம் எடுக்க வயல் பக்கம் போனதும் அந்த அம்மாள் என் அருகில் வந்தார்.

"சாரே, ஒரு தெற்று, தப்பு செய்துட்டேன். நான் ரோசிலி இல்லை, அவளோட நாத்தனார் திரேசா. கிருஷி ஆபீஸ்லேந்து, விவசாயக் கணக்கு பார்க்க வந்திருக்கீங்கன்னு பயந்துட்டேன், நிலம் இப்பவும் அவ பேர்லயாக்கும். அவ மரிச்சு வருஷம் ஒண்ணாச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. பிரம்மாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊரில் நாலு ரோசிலி இருப்பார்கள், நானூறு வாத்து இருக்கும், பயந்துபோன ஓர் அம்மாள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். நானும் உங்கள் ஜாதிதானம்மா, பொய்க்காரன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனா அந்த வாத்துக் காரியம்," என்றார் திரேசா. "விதை அழுகிப் போச்சுன்னுதான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னா. நாணக்கேடு அவளுக்கு. வாத்து தின்னது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சார்கிட்ட எப்போ சொன்னா?"

மேடம் வருகிறாரா என்று வயல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்லை சாரே. வேற ஏதாவது சொன்னாளா?"

படிவத்தின் கடைசிக் கேள்வியும் அதுதான், வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று. சோம்பலில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். ஓர் ஆளையே இட்டுக்கட்டத் தெரிந்தவனுக்கு அப்போது ஒரு வாக்கியம் இட்டுக்கட்ட வரவில்லை.

"இல்லம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாத்துகளை ஓட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்.

மேடம் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வகுப்பில் தேறினேன். அந்தக் கரையில் அன்றுதான் நான் முதன்முதலாகக் கால் வைத்தேன். அந்தப் படிவத்தை நான் எழுதியபோது ரோசிலி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.