பல் இல்லை என்று எழுதினேன்

காலை மணி ஒன்பது இருபது. மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் மாதா கோயில் மண்டபத்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மீன்காரம்மாவைத்தான் முதலில் பார்த்தேன்.

எந்த வயதினருக்கு எத்தனை பற்கள் இருக்கின்றன என்று நாடு முழுவதும் எடுக்கும் கணக்கெடுப்பு அது. மருத்துவர் வாயைப் பார்ப்பார். நான் படிவத்தில் எழுதுவேன்.

மீன்காரம்மா தன் வயது எழுபத்தொன்று என்றார். அவர் வாயைத் திறக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "பல் இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

பின்னால் நின்ற பொக்கைவாய்த் தோழி சிரித்தார். "ஏட்டி மேரி, நீயும் நமக்க கூட்டத்துல சேந்தியா?"

முந்தானை சட்டென்று விலகியது.

"எழுதினத வெட்டு மக்கா. இவளுவளுக்க கண்ணு பட்டிரப்பிடாதுன்னுதான் பொத்தி வச்சேன். இப்ப எண்ணு!"

மருத்துவர் டார்ச் அடித்து எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். முப்பத்திரண்டு. ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. கேலி செய்த தோழி அருகே வந்து, எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் எழுதியதை அடித்துத் திருத்தினேன். அவர் முந்தானையை மறுபடியும் வாய்மேல் இழுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார்.

அதன்பிறகு, யாரும் வாயைத் திறப்பதற்கு முன் நான் பேனாவைத் திறந்ததில்லை.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. என் வாயில் இருபத்தாறு பற்கள் இருக்கின்றன.