பாத்திரக்கடை மாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி

சாஃப்ட்வேர் வேலையில் பாதி நேரம் ஓடாத புரோகிராமுக்குப் பதில் சொல்ல வேண்டும்; மீதி நேரம் ஒழுங்காக ஓடுகிற புரோகிராமுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் மீட்டிங் நின்றுவிடும்.

கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். முதலாளி கதிரேசன் சார், வாடிக்கையாளர் யாரிடமும் இதுவரை "முடியாது" என்று சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் எங்களை வைத்திருக்கிறார். போனில் சப்போர்ட் பேசுகிறவர் சாகுல் அண்ணன். புரோகிராம் எழுதுகிறவள் நான், ஜெசிந்தா. கல்லலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். நீங்களும் இதே தொழிலில் இருந்தால் இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆவணி முகூர்த்தம்

வேலையில் சேர்ந்ததும் நான் எழுதியது ஒரு கல்யாண மண்டபத்துக்கான புக்கிங் புரோகிராம். ஒரே தேதியில் இரண்டு கல்யாணம் பதிவாகக் கூடாது, அதற்குத்தான் புரோகிராமே. அந்த ஒரு விஷயத்துக்காகப் பத்து நாள் உட்கார்ந்தேன். ஆவணியில் ஒரு முகூர்த்த நாளுக்கு ஏற்கெனவே ஒரு வீட்டார் பதிந்திருக்க, அதே நாளைக் கேட்டு இன்னொரு வீட்டார் வந்தபோது, 'இந்தத் தேதி கிடையாது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நான் சந்தோஷப்பட வேண்டிய இடம். மண்டப மேனேஜர் நேரே மாடியேறி வந்துவிட்டார்.

"புரோகிராம் ஓடலம்மா."

"சரியாத்தானே அண்ணே ஓடுது? அன்னைக்கு வேற கல்யாணம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா அந்தக் கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் சீர் பேச்சு இன்னும் முடியலை. எனக்கென்னமோ அது நிக்கும்னு தோணலை. எதுக்கும் இதையும் எழுதி வச்சுக்கிருவோம்."

இரண்டு கல்யாணமும் நடந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். கதிரேசன் சார் வழக்கம்போல் தலையாட்டினார். பத்து நாள் உழைத்துப் போட்ட பூட்டை அரை மணி நேரத்தில் நானே கழற்றி, 'சந்தேகக் கல்யாணம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. படியிறங்கும்போது சாகுல் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்: "தேதியைக் குறிச்சு வைய்யின்னா, கூடாதுன்னு மறிக்குது. இது என்ன கம்ப்யூட்டரா, இல்ல பொண்ணுக்குத் தாய்மாமனா?"

டோக்கன்

சாக்கோட்டையில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு டோக்கன் கூப்பிடுகிற புரோகிராம் செய்து கொடுத்தோம். குரல் கொடுக்க ஆள் வைக்க வசதியில்லாததால் என் குரலையே பதிந்தோம். "டோக்கன் எண் ஐந்து, உள்ளே வரவும்." ஒருமுறை எனக்கே காய்ச்சல் வந்து அங்கே போய், என் குரல் என்னைக் கூப்பிடுவதற்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

ஒரு வாரத்தில் புகார் வந்தது. எட்டாம் நம்பர் டோக்கனை ஒருவரும் வாங்க மாட்டேன் என்கிறார்களாம். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் எட்டு எதற்கு என்று ஒதுங்கிக்கொள்கிறார்களாம். சரி, எட்டை எடுத்துவிடுவது எளிதுதான். ஏழுக்கு அடுத்து ஒன்பது வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். அடுத்த நாளே ஒன்பதாம் டோக்கன்காரர் ஒருவர், எண்ணிப் பார்த்தால் தான்தான் எட்டாவது ஆள் என்று கண்டுபிடித்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதையும் சமாளித்தோம். அதற்குப் பிறகு கம்பவுண்டர் ஒருநாள் போன் பண்ணி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எட்டைத் தூக்கிட்டீக, சந்தோசம். பதினேழுல ஒண்ணையும் ஏழையும் கூட்டுனா எட்டு வருதே, அதை யாரு பாக்குறது?"

பள்ளத்தூர் வீட்டில் அறை எண்

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டை வெளியூர்க்காரர்கள் தங்குகிற விடுதியாக மாற்றியிருந்தார்கள். ஏழு பங்காளிகள், ஆளுக்கு ஒரு அறை பாத்தியதை. அதற்கு ரூம் புக்கிங் புரோகிராம் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நிர்வாகம் பார்த்தவர் ஒரு ஆச்சி; ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும், காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாகப் பேசுவார். அறைகளின் பட்டியலைக் கொடுத்தார். அறை எண் ஒன்று, அறை எண் ஒன்று, அறை எண் ஒன்று. ஏழுக்கும் அதேதான்.

டைப் அடித்ததில் ஏதோ தவறு என்று நினைத்து, ஒன்று முதல் ஏழு வரை போட்டுக்கொள்கிறேன் ஆச்சி என்றேன். அவர் இரண்டு போனையும் கீழே வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே எண் இருந்தால் எந்தச் சாவியை யாருக்குக் கொடுப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, வருகிறவர்களும் குழம்புவார்கள் என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "வாரவுக ரெண்டு நாள் குழம்பிட்டுப் போயிருவாக. நாங்க இங்கேயே இருக்கணும். இந்த வீட்டுல ரெண்டாவதா வாரதுக்கு யாரு பொறந்திருக்கா?"

எந்த அந்தோணி

எங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும்படி சாமியார் கேட்டார். கோயில் வேலை, மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஏற்றினேன். தேடிப் பார்க்கும்போதுதான் சிக்கல் புரிந்தது. அந்தோணிசாமி என்று அடித்தால் திரை நிறைய அந்தோணிசாமிகள். தகப்பன் பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பாதிப்பேருக்குத் தகப்பன் சவரிமுத்து.

கோயிலில் சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் உதவிக்கு வந்தார். அவருக்கு ஊரில் எல்லாரையும் தெரியும், பட்டப்பெயரில். அதற்கென்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன்; எங்கள் பார்வைக்கு மட்டும். அவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நிரப்பினார். அச்சில் அந்தக் கட்டம் வரக் கூடாது என்று புரோகிராமில் சொல்ல மறந்தது என் தவறு. கல்யாணத்துக்காகச் சான்றிதழ் வாங்கிப் போன ஒரு மாப்பிள்ளையின் தாளில், 'பெயர்: அந்தோணிசாமி டபுள் டீ' என்று, பங்கு முத்திரையோடு, பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எதிரே வந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சாமியார் முன்னால் போய் நின்றேன். பெண் வீட்டார் திருப்பி அனுப்பியிருந்த அந்தத் தாளை அவர் எடுத்து இன்னொரு தடவை படித்துவிட்டு, "தப்புதான்மா. ஆனா நான் இந்தப் பங்குக்கு வந்து நாலு வருசத்துல, எந்த அந்தோணின்னு பாத்தவுடனே புரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள்

போன வருடம் என்னைப் பார்க்க ஒரு வீட்டார் வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சாஃப்ட்வேர் என்றதும் மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த ஊரில் என்றார். காரைக்குடி என்றேன். உட்கார்ந்த வாக்கில் கொஞ்சம் சாய்ந்தார். வேலை நிலவரத்தை நல்லவிதமாகத்தான் விசாரித்தார்: ஏசி உண்டா, அடையாள அட்டை கழுத்தில் மாட்டுவார்களா, கம்பெனி வண்டி வந்து கூட்டிப் போகுமா. மூன்றுக்கும் இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது தன் கணவரிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எங்கள் வீடு சின்னது: "சாஃப்ட்வேர்தான் பாக்குறா. ஆனா லோக்கல் சாஃப்ட்வேர்."

இன்று பள்ளிக்கு வரவில்லை

ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருகைப் பதிவு புரோகிராம். காலையில் டீச்சர்கள் வருகை போட்டதும், வராத பிள்ளைகளின் பெற்றோருக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும். புரோகிராம் எழுதுகிற மொழியில் 'இல்லை' என்று சொல்ல ஒரு ஆச்சரியக்குறி போடுவோம். ஏதோ ஒரு சில்லறைத் திருத்தம் செய்த அன்று அந்த ஆச்சரியக்குறியை அழித்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். வராத பிள்ளைகளுக்குப் பதில், வந்த பிள்ளைகள் அத்தனை பேரின் வீட்டுக்கும், 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை' என்று போய்விட்டது. உண்மையிலேயே மட்டம் போட்டவர்கள் நான்கு பேர். அவர்கள் வீடுகளுக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை.

சாகுல் அண்ணனின் போன் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. கதிரேசன் சார் வண்டியை எடுத்து, "ஏறும்மா, நீயே வந்து சொல்லு" என்றார். இன்றோடு வேலை போச்சு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று நான் மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். பள்ளி வாசலில் திருவிழாக் கூட்டம். வயலிலிருந்து அப்படியே வந்தவர்கள், கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தவர்கள், மாவுக் கையோடு வந்த ஒரு அம்மா. அழுகிறவர்களும் இருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான், வேலையைப் பற்றிய பயம் போய் வேறொரு குற்றவுணர்ச்சி வந்தது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைக் காட்டியதும் ஒவ்வொருவராகப் பெருமூச்சு விட்டார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் அடங்கவில்லை. ஏழாம் வகுப்பு வாசலில் மகனின் காதைப் பிடித்து நிறுத்தியிருந்தார். "எங்குட்டுடா போன?" "இங்கதான்ப்பா இருக்கேன்." "அப்ப போன்ல பொய்யா போடுவாய்ங்க?" டீச்சர் குறுக்கே விழுந்து, பையன் காலையிலிருந்து இங்கேயேதான் இருக்கிறான், உங்கள் கண் முன்னால் நிற்கிறான் பாருங்கள் என்றார். அவர் டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியிறது இருக்கட்டும் டீச்சர், மெசேஜ் வந்திருக்குல்ல?"

கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியை எங்களை உள்ளே கூப்பிட்டார். நான் அழத் தயாராகிவிட்டேன். தவறு என்னுடையது, சாரைச் சொல்லாதீர்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னல் வழியாகக் காலியாகிக்கொண்டிருந்த மைதானத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பெற்றோர் கூட்டம்னு நோட்டீஸ் குடுத்தா இருபது பேருகூட வரமாட்டாகம்மா. அடுத்த மாசக் கூட்டத்தன்னைக்குப் பதினோரு மணிக்கு, இதே தப்பை இன்னொருக்கா பண்ண முடியுமா?"

ராஜினாமா

வேலை போகவில்லை. ஆனால் எனக்குத்தான் போதும் என்று ஆகிவிட்டது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகம் போனில் நடந்தது. கீழே பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்டு, "கோயில்ல இருந்து பேசுறீங்களா?" என்றார்கள். வேலை கிடைத்தது.

அப்போது கதிரேசன் சார் கடைகளுக்கும் மில்களுக்கும் விற்பதற்காக, ஊழியர்களின் லீவு, பெர்மிஷன் எல்லாம் கேட்கிற புரோகிராம் ஒன்றை எழுதச் சொல்லியிருந்தார். விலகப்போகிறேன் என்று சொல்ல அவர் முன்னால் போய் நின்றேன். நான் வாய் திறக்குமுன், "எதுவா இருந்தாலும் சிஸ்டத்துல போடும்மா. நம்ம புரோகிராமை நாமளே உபயோகிக்கலைன்னா வாங்குறவன் எப்படி உபயோகிப்பான்?" என்றார். அதில் ராஜினாமாவுக்கு இடமே இல்லை சார் என்றேன். "சேர்த்துரு" என்றார், தலையைத் தூக்காமல்.

நான்கு நாள் உட்கார்ந்து சேர்த்தேன். முதல் ஆளாக என் பெயரைப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில், 'தவறாகச் செய்தாலும் திட்டு, சரியாகச் செய்தாலும் திட்டு. மூன்று வருடமாகச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லி எனக்குத் தாடை வலிக்கிறது. என்னை விட்டுவிடுங்கள்' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியதும் கண் கலங்கிவிட்டது. சாரிடமிருந்து பதில் இல்லை. முகத்தைப் பார்த்தால் வழக்கம்போல் சிரித்தார். மனசு புண்பட்டுப் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்து நான்தான் நொந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து மெயில் வந்தது. ஆள் எடுப்பதைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். மறு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மானத்தை ஓரமாக வைத்துவிட்டு சாரிடம் போனேன். "சார், நான் போட்ட ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"எந்த ராஜினாமா?"

"காரணமெல்லாம் எழுதி அனுப்பியிருந்தேனே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிஜமான திகைப்போடு பார்த்தார். "அது சும்மா சோதிச்சுப் பாக்கப் போட்ட டெஸ்ட் டேட்டா இல்லையா? அசல் மாதிரியே இருக்குன்னு பாக்குற கஸ்டமருக்கெல்லாம் அதைத்தானம்மா காட்டிக்கிட்டு இருக்கேன். மூணு பேரு வாங்கியிருக்காக!"

மூன்று வருடத்தில் நான் எழுதியவற்றில் ஒரு திருத்தம்கூடக் கேட்காமல் வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டது, என்னை விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சிய அந்தக் கட்டம் ஒன்றைத்தான்.