நடுக்காயலில் கோல் நின்ற இடம்

"படகுல ஏற மாட்டேன்னா ஏற மாட்டேன். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவியாம்மா?"

"ரெண்டு வருஷமா தண்ணியைப் பார்த்தாலே நடுங்குற. தெரு என்ன பேசுதுன்னு தெரியுமா? அடுத்த வாரம் உனக்கு நிச்சயதார்த்தம். ஏறுடா."

படகுத்துறையில் பத்துப் பேர் பார்க்க அம்மாவும் மகனும் கத்திக்கொண்டார்கள். மகன் எங்கள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். தெரு பேசியது என்றால், பேசியது நான்தான். என் வாயை அடைக்கத்தான் என்னையும் சாட்சிக்குக் கூட்டிப் போனார்கள். நான் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன். இதில் மட்டும் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. என் கண்ணெதிரே நடந்தது.

டாக்டரின் முதல் மனைவி இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் காயலில்தான் செத்துப்போனாள். இவரே துடுப்புப் போட்டு அழைத்துப் போனார், கூட வேறு யாருமில்லை. நடுக்காயலில் தவறி விழுந்தாள், ஆள் மூழ்கும் ஆழம், குதித்தும் காப்பாற்ற முடியவில்லை என்றார். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர், அதற்குமேல் தன் வாயைத் திறக்கவில்லை. அவரைக் கட்டிக்கொள்ளப் போகும் டீச்சர், பாவம், அதை அப்படியே நம்பியிருந்தாள்.

மாலை 5.50. கிளம்பினோம். முன்னால் டீச்சரும் டாக்டரின் அம்மாவும். வலப்பக்கப் பலகையில் நான். இடப்பக்கம் டாக்டர், தனியாக.

படகு இடப்பக்கம் சாய்ந்தது.

"சார், அக்கா பக்கத்துல வந்து உட்காருங்க," என்றார் படகுக்காரர். டாக்டர் எழுந்து வலப்பக்கம் வந்தார்.

அப்போதும் படகு இடப்பக்கமே சாய்ந்திருந்தது...

அங்கே யாரும் இல்லை. பலகை மட்டும் ஈரம். ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

6.12. தண்ணீரெல்லாம் சிவப்பு. டக்... டக்... மோட்டார் நின்றது.

படகுக்காரர் மூங்கில் கோலை இறக்கினார். சட்டென்று எதிலோ நின்றது.

"இடுப்பளவுதான் இருக்கு." அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

டீச்சர் திரும்பினாள். "இதுதானே நடுக்காயல்? ஆள் மூழ்கும்னு சொன்னீங்க."

டாக்டர் கோலையே பார்த்தார்.

கோல் மேலே வந்தது. படகுக்காரர் தூக்கவில்லை... இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிக்காதே," என்றார் டாக்டர். எங்களிடம் அல்ல. தண்ணீரிடம்.

"அன்னைக்கும் இப்படித்தான்... அமுக்க அமுக்க எழுந்திரிச்சே..."

அம்மா பாய்ந்து வந்து மகன் வாயைப் பொத்தினாள்.

டீச்சர் கேட்டுவிட்டாள்.

6.19. மோட்டார் தானாக ஓடியது.

போலீசுக்குச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். அவர்கள் வருவதற்குள் டாக்டரைக் காணோம்.

மறுவாரம் படகுக்காரரைக் கடைத்தெருவில் மடக்கினேன். விடுவேனா?

"என் கோலு பதினெட்டடி, அக்கா. நடுக்காயல்ல தரை எட்டவே எட்டாது."

"அப்ப அன்னைக்கு எதுமேல நின்னுச்சு?"

"தெரியாது. மெத்துன்னு இருந்துச்சு."

டீச்சர் ஒரு சர்வேயரைக் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் குடிபோய்விட்டாள். டாக்டரின் அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டர் எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவர்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தவர்.

"மறுநாள் காலையிலேயே வந்தாரு, அக்கா. துடுப்புப் படகு கேட்டாரு. ரெண்டு சீட்டு கிழிச்சேன். கூட ஈரச் சேலையோட வந்த பொண்ணுதான் அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போச்சு."