சொட்டுத் தண்ணியும் ஒரு சொம்பும்

எங்க குவார்ட்டர்ஸ் பின்பக்கம் ஒரு வரிசை குண்டுமல்லி வைத்திருக்கிறேன். எங்க தெருவில் வெள்ளிக்கிழமை காசு கொடுத்துப் பூ வாங்குகிற வூடு ஒன்றுகூடக் கிடையாது. எல்லா வூட்டுக்கும் என் செடியிலிருந்துதான் போகும். தலையில் பூ வைக்காத வேதக்காரங்க வூட்டுக்கும் போகும். அவங்க மாதா படத்துக்குப் போட்டுக்கொள்வாங்க. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைதான்.

அந்தச் செடிக்குத் தண்ணி விடப் போய்த்தான் பங்குனியில் ரப்பர் ட்யூப் தடுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு விட்டுப்போய் மாவுக்கட்டு போட்டார்கள். மகன் சுரங்கத்தில் பெர்மனெண்ட். இந்த வூடு அவன் பேரில் உள்ளது. அவன் கத்துகிற ஆள் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, தட்டில் சோற்றைப் பிசைந்துகினே சொன்னான்.

"இனிமே வாளியும் ட்யூபும் நீ தொடக் கூடாதும்மா. செடியை எடுத்துட்டுப் பின்னாடி சிமெண்டுக் காரை போட்டுடறேன். வண்டி நிறுத்திக்கலாம்."

"என்னையும் உள்ள படுக்க வச்சிட்டுக் காரை போடுடா" என்றேன்.

மருமகள்தான் நடுவில் வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "அத்தை, எங்க ஸ்கூல் தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்காங்க. டேப்பைத் திறந்துட்டா போதும், தானா விழும். அதைப் போட்டுப் பாக்கலாங்க."

மகன் யோசித்தான். "சரி. கத்திரி வெயில் முடியறவரைக்கும் பாக்கலாம். செடி நின்னா இருக்கட்டும். பட்டுப்போச்சுன்னாலும், நீ வாளியைத் தூக்கினாலும், காரைதான்."



மந்தாரக்குப்பத்தில் பைப் கடைக்கு நானும் எங்க வூட்டுக்காரரும் போனோம். அவர் சுரங்கத்தில் பம்பு ஓட்டி ரிடையர் ஆனவர். மண்ணுக்கு அடியில் ஊறுகிற தண்ணியை ராப்பகலாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கணும், பம்பு நின்றால் சுரங்கம் முழுகிப்போகும் என்பார். வேலை பார்த்த காலம் பூரா தண்ணியைத் துரத்தின மனுஷன், சொட்டுச் சொட்டாகத் தண்ணி கொடுக்கக் குழாய் வாங்க வந்து நிற்கிறார்.

கடைக்காரர் கறுப்புச் சுருள் இரண்டை எடுத்துப் போட்டார். "இதுல ஓட்டை போட்டே வருது ஆயா, சமமா விட்டு விட்டு இருக்கும். விரிச்சா முடிஞ்சுது வேலை. இன்னொண்ணு வெறும் ட்யூப். வேணுங்கற எடத்துல நீங்களே குத்தி, சொட்டு விடற டிரிப்பரை மாட்டிக்கணும்."

எழுத்து எனக்குக் கூட்டித்தான் வரும். ட்யூப் மேலே அச்சடித்திருந்த நம்பர் எதைச் சொல்கிறது என்று தெரியவில்லை. கட்டு இல்லாத கையால் அழுத்திப் பார்த்தேன், மடித்துப் பார்த்தேன். வெறும் ட்யூபில் மடித்த இடம் வெள்ளையாகக் கோடு விழுந்தது. இது வெயிலில் வெடித்துப்போகும், கெட்டியானதாகக் காட்டுங்க என்றேன்.

"ஆயா கத்திரிக்கா பொறுக்கற மாதிரியே பாக்கறாங்க" என்று சிரித்தார் கடைக்காரர்.

"கத்திரிக்கா சொத்தைன்னா தூக்கிப் போட்டுடலாம் தம்பி. இது சொத்தைன்னா என் செடி போயிடும்."

உள்ளே போய்க் கெட்டிச் சுருள் ஒன்று கொண்டுவந்தார். ஓட்டை போட்டு வந்ததே போதும், வேலை மிச்சம் என்றார் எங்க வூட்டுக்காரர். நான் வேண்டாம் என்றேன். என் செடிகள் பதியம் போட்டு, வேர் பிடித்த இடத்தில் நிற்பவை. ஒன்று நெருக்கமாக இருக்கும், ஒன்று தள்ளி இருக்கும். சமமாக ஓட்டை இருந்தால் தண்ணி ஒரு பக்கம், செடி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். வடிகட்டியை மட்டும் அவரே கேட்டு வாங்கினார். தூசி போனால் எந்தக் குழாயும் அடைக்கும், அது எனக்குத் தெரியும் என்றார்.

மகனுக்கு ஆஃப் கிடைத்த நாளில் வேலை நடந்தது. சுருளை வெயிலில் போட்டு இளக்கி விரித்தார்கள். ட்யூப் முனையைச் சுடுதண்ணியில் முக்கி, சூட்டோடு சூடாக இணைப்பில் ஏற்றினார்கள். செடிக்குச் செடி நான் நின்று காலால் இடம் காட்டினேன், மகன் குத்தினான். கடைசிச் செடி முருங்கைக்குப் பின்னால், உடைந்த செங்கல் கிடக்கிற மூலையில் இருக்கிறது. அங்கே மட்டும் நான் போகவில்லை. விழுந்த பயம். மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணி அந்த மூலை வரைக்கும் எங்கே எட்டப்போகிறது, அந்தச் செடி போனதுதான் என்று அப்போதே மனசை விட்டேன்.

டேப்பைத் திறந்ததும் காற்று புஸ்ஸென்று வந்தது. பிறகு ஒரு சொட்டு. கொஞ்சம் நின்று இன்னொரு சொட்டு.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா."

கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி விட்டால் மல்லிக்கு எப்படிப் போதும்? நான் ட்யூப் பிடித்துப் பாத்தி நிரம்ப விடுகிறவள். சாயங்காலம் பார்த்தால் செடிக்கு அடியில் ஒரு தோசை அகலத்துக்குத்தான் ஈரம். சுற்றிலும் செம்மண் வெடித்துக் கிடக்கிறது. மறுநாளும் அதே தோசைதான். உச்சி வெயிலில் இலை துவண்டு தொங்கியது. மகனிடம் சொன்னால் அப்போ காரை போடலாமா என்பான். சொல்லாமல் இருந்தால் செடி செத்துப்போகும்.

மத்தியானம் மகன் ஷிஃப்டில் இருப்பான், மருமகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், எங்க வூட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்திருப்பார். பித்தளைச் சொம்பை இடது கையில் எடுத்தேன். வாளியைத்தானே தொடக் கூடாது என்றான், சொம்பைச் சொல்லவில்லையே. ஒவ்வொரு செடிக்கும் ஊற்றினேன். மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் தினமும் அதுதான் வேலை. அரிசி கழுவின தண்ணியும் போச்சு, துணி அலசின தண்ணியும் போச்சு.

ஆனால் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. அரும்பு கையில் தொட்டால் உதிர்ந்தது. பார்த்தாயா, சொட்டு போதவில்லை என்று இன்னும் கூட ஊற்றினேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு முழம்கூடத் தேறவில்லை. எதிர்வூட்டு அம்மா வாசலில் நின்று, "என்னாங்க, இந்த வாரம் பூ இல்லீங்களா?" என்று கேட்டபோது, தலைவலி, பறிக்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மகனும் பார்த்துவிட்டான். "நாளைக்கு ஒரு ஆளைக் கூப்ட்டு அளவு எடுக்கச் சொல்றேம்மா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் எங்க வூட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கினு பின்னால் போனார். முதல் செடிக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டினார். மேலே இரண்டு விரல் காய்ந்த மண், கீழே கொழகொழவென்று சேறு. நாற்றம் வேறு. ஒரு வேரை உருவிக் காட்டினார், தோல் கழன்று கையோடு வந்தது.

"மேல காஞ்சிருந்தா அடியிலயும் காஞ்சிருக்கும்னு நெனச்சுக்கினியா? நான் இத்தினி வருசம் எங்க வேலைக்குப் போயிக்கினு இருந்தேன், சினிமாக் கொட்டாய்க்கா?"

வேரைக் கீழே போட்டுக் கையைத் தட்டினார்.

"இது ட்யூப்ல வந்த தண்ணி இல்ல. இங்க யாரோ ஓவர்டைம் பாக்கறாங்க" என்றார்.

அவர் செங்கல் மூலைக்குப் போய், "இங்க வந்து பாரு" என்று கையை நீட்டினார். அவர் கையைப் பிடித்துகினு போனேன். நான் சொம்போடு ஒரு நாளும் போகாத மூலை. அந்தக் கடைசிச் செடி கரும்பச்சையாக, கிளைக்குக் கிளை அரும்பு வைத்து நின்றது. அடியில் அதே ஒரு தோசை ஈரம்தான். ஒற்றைச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் மகன் வந்து நின்றதும் அவர் எதைச் சொல்வாரோ என்று கீரையை ஆய்ந்துகினே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அளவெடுக்க ஆள் வேணாம்டா. தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. டேப்பை மூடி வச்சிருக்கேன், சரியாயிடும்."

"சொட்டுல எப்படிப்பா ஜாஸ்தியாவும்?"

"ஆவும்டா" என்றார். மகன் என்னைப் பார்த்தான். நான் கீரையைப் பார்த்தேன். சரி, பாக்கலாம் என்று போய்விட்டான்.

கத்திரி வெயிலில் டேப்பை மூடி வைத்து, செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவதைப் போல ஒரு கஷ்டம் எனக்கு வந்ததில்லை. கை பரபரக்கும். குச்சியை மண்ணில் விட்டு எடுத்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். ஒட்டாமல் வந்த அன்றைக்கு அவர் டேப்பைத் திறந்தார். மஞ்சள் இலை எல்லாம் உதிர்ந்து, கணுவில் கடுகு மாதிரி பச்சை முளைத்தது. நடுவில் இரண்டு செடி பிழைக்கவில்லை. மற்றது நின்றது.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் முருங்கை மூலைச் செடிதான் தெருவுக்கே பூ கொடுத்தது. முழமாக இல்லை, ஆளுக்கு நாலு விரல் நீளம். எதிர்வூட்டு அம்மா, "இவ்ளோதானாங்க?" என்றார். "இப்போதைக்கு இவ்ளோதாங்க" என்றேன்.

கத்திரி போய்விட்டது. மகன் காரைப் பேச்சை எடுக்கவில்லை. விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. பட்டுப்போன இரண்டு செடி இருந்த இடத்தில் புதுப் பதியம் வைத்து, அங்கேயும் டிரிப்பர் போடச் சொல்லியிருக்கிறேன்.

சொம்பு இப்போ அடுப்படிப் பரணில் இருக்கிறது. அவர்தான் எடுத்து வைத்தார். ஸ்டூல் போட்டால் எட்டும். ஸ்டூலில் ஏறக் கூடாது என்றும் மகன் சொல்லியிருக்கிறான்.