மாமா தலையில் பூத்த பூசணம்

பல்லாரி வெங்காயத்தில் பிடிக்கிற சாம்பல் பூசணம் மனுசன் தலையிலும் பிடிக்கும் என்று நான் ஒரு காலத்தில் முழுசாக நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை மாமாவின் தலையில் கொண்டுபோய் வைத்தவனே நான்தான் என்றும் நம்பினேன். ஒரு வாரம் சரியாகச் சோறு இறங்கவில்லை. கொலைகாரர்களுக்குப் பசிக்காது என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்ததால், அதையும் ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்குச் சரக்கு அடுக்கிவைக்க ஒரு கிட்டங்கி இருந்தது. வடக்கேயிருந்து லாரியில் வரும் பல்லாரியைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, தோணியில் மாலத்தீவுக்கு அனுப்புவார். அம்மாவின் தம்பிதான் கிட்டங்கியில் அவருக்கு வலது கை. அந்த மாமாவுக்கு முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு சம்பந்தமும் கூடி வருகிற நேரத்தில் கழன்றுபோயிருந்தன. ஏன் என்று கேட்டால் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். இப்போது சாயர்புரத்தில் ஒரு டீச்சரைப் பேசியிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் தட்டிப்போனால் இனி எவனும் வாசல்படி ஏற மாட்டான் என்று அம்மா தினமும் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லுவாள். சாமியை விட நாங்கள்தான் அதிகம் கேட்டோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பூசணம் வந்தது.

ஒருநாள் சாயங்காலம் நான் கிட்டங்கியில் இருந்தபோது, தோணிக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த ஒரு மூட்டையை அப்பா சந்தேகப்பட்டுப் பிரித்தார். உள்ளே இருந்த காய்களில் பாதிக்குத் தாள் அறுத்த கழுத்து கொழகொழத்திருந்தது. அதன்மேல் பூனை ரோமம் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு. நான் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். மெல்லிய புகை போலத் தூள் பறந்தது.

“ஒதறாதலே!” என்று அப்பா கத்தினார். “அந்தத் தூளுதான் அதுக்கு வெதை. பறந்து போயி அடுத்த காயில ஒக்காந்துக்கிடும். தோலுல ஒரு கீறல் இருந்தாப் போதும், உள்ள எறங்கிரும்.”

அடுத்து மாமாவின் பக்கம் திரும்பினார். “ஏன்யா, கழுத்த அமுக்கிப் பாக்காமலா சரக்கு எடுத்த?”

“லாரில வரும்போது கல்லு மாதிரி இருந்துச்சு அத்தான்.”

“இருக்கத்தான் செய்யும். தாளு பச்சையா நிக்கும்போதே மழை ஈரத்துல வயல்லயே உள்ள போயிருது. அப்ப வெளிய ஒண்ணும் தெரியாது. கழுத்து காயாம மூட்டையில கட்டுனா, அந்தப் புழுக்கத்துல வெளிய வருது. உள்ள இருக்கத எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?”

மாமா என்னவோ அந்த இடத்தில் தன் தலையைத் தடவிக்கொண்டார். நான் கையிலிருந்த காயைக் கீழே போட்டுவிட்டு அந்தத் தலையையே பார்த்தேன்.

காரணம் இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் மாமா என்னைக் கூப்பிட்டு, “ஏலே மருமவனே, நாலு வெங்காயத்தத் தட்டிச் சாறு எடுத்துட்டு வா. தலையில தேச்சா முடி கொட்டாதாம்” என்று சொல்லியிருந்தார். சரக்கு மூட்டையில் கை வைத்தால் அப்பா தோலை உரிப்பார். ஆகவே கிட்டங்கி மூலையில் கழித்துப் போட்டிருந்த குவியலிலிருந்து பொறுக்கினேன். மேலே சாம்பல் படிந்திருந்ததை டவுசரில் துடைத்துவிட்டுத்தான் தட்டினேன். சுத்தத்தில் நான் குறை வைக்கவில்லை. மாமாவும் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். அன்று காலையில்தான் முடியை ஒட்ட வெட்டியிருந்தார். காதுக்கு மேலே சலூன் கத்தி பட்டு ஒரு கீறல் வேறு இருந்தது.

ஒரு கீறல் போதும் என்று அப்பா சொன்னாரா இல்லையா?

மூட்டை பிரித்த மறுநாள் காலை மாமா கண்ணாடி முன்னால் நிற்கும்போது பார்த்தேன். சரியாகக் கீறலைச் சுற்றி, காதுக்கு மேலே, சாம்பல் நிறம். அதற்கும் மறுநாள் அடுத்த காதுக்கு மேலேயும் பரவியிருந்தது. பல்லாரியை விட மாமா வேகமாகக் கெட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டங்கியில் அப்பா செய்த வைத்தியம் எனக்குத் தெரியும். கெட்டதைப் பொறுக்கி தூரக் கொண்டுபோய்ப் புதைத்தார். மற்றதைக் காற்றும் வெயிலும் படும்படி முற்றத்தில் பரப்பினார். மாமாவைப் புதைக்க முடியாது. அதனால் வெயிலை முயன்று பார்த்தேன்.

“மாமா, கொஞ்ச நேரம் மாடியில வெயில்ல இருங்களேன்.”

“ஏம்லே, என்னைய வத்தல் போடப் போறியா?”

மாமாவுக்குப் பதிலாக அவருடைய தலையணையைக் கொண்டுபோய்க் காயவைத்தேன். அதற்குள் இன்னொரு இடி. எனக்குத் தலை சீவிவிடக் குனிந்த அம்மாவின் காதோரத்தில் ஒரு வெள்ளை முடி! வீட்டுக்குள் தொற்றிவிட்டது. அன்றிலிருந்து நான் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

“என்னல கோலம் இது?” என்றாள் அம்மா.

“குளிருது.”

“தூத்துக்குடியிலயா?”

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். வீட்டில் வேறு யாரும் பதறவில்லை. அப்பா மட்டும் ஒருமுறை மாமாவை ஏற இறங்கப் பார்த்து, “இப்படியேவா அவங்க முன்னால ஒக்காரப் போற?” என்று கேட்டார். மாமா, “ஆமா அத்தான், இப்படியேதான்” என்றார். சாகத் துணிந்தவனின் குரலாக எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பெண்ணின் அப்பா பெரிய உருவம். தலையில் துண்டை உருமாலாகக் கட்டியிருந்தார். வந்தவர் எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல், மாமா இருந்த பெஞ்சிலேயே அவரை ஒட்டி உட்கார்ந்தார். தோளோடு தோள். மூட்டைக்குள் இரண்டு காய் போல. பிறகு எதையோ ரகசியமாகச் சொல்ல மாமாவின் காதுப்பக்கம் குனிந்தார். தலையும் தலையும் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

“தாத்தா, மாமா பக்கத்துல இருக்காதிய! தலையில பூசணம் பிடிச்சிருக்கு. ஒங்களுக்கும் ஒட்டிக்கிடும்!”

அம்மாவின் முகத்தில் மூன்றாவது சம்பந்தமும் கழன்றுபோவதைக் கண்ணால் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

பெண்ணின் அப்பா நிதானமாக உருமாலை அவிழ்த்தார். உள்ளே புளி போட்டு விளக்கிக் கவிழ்த்த செம்புப் பானை மாதிரி ஒரு தலை. மருந்துக்கும் முடி இல்லை.

“ஏலே, இங்கன ஒட்டுததுக்கு என்னல கெடக்கு?”

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். பிறகு வீடே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது. கழிவுக் குவியல், டவுசரில் துடைத்தது, சாறு, கீறல், அம்மாவின் முடி எல்லாவற்றையும் மூக்கு ஒழுக ஒப்பித்தேன். மாமா எழுந்தே விட்டார்.

“அட பாவி! அதான் ஒரு வாரமா என் தலை அழுகுன நாத்தம் நாறுதா?”

பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க பிள்ள கேட்ட மாதிரியே வந்திருக்காவ. இனும என்ன, நாள் பாத்துருவோம்” என்றார். டீச்சர் எப்போது என்ன கேட்டார்கள், பூசணம் பிடித்த மாப்பிள்ளையை எதற்குக் கேட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. யாரும் செத்துப்போகப் போவதில்லை என்பது மட்டும் விளங்கியது. அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வாரமே, கழுத்து நன்றாகக் காய்ந்த பல்லாரியும் தோணி ஏறியது.

மிச்சக் கதையை அத்தையான பிறகு அந்த டீச்சரே சொன்னார்கள். மாமாவுக்குக் காலேஜ் படிக்கும்போதே நரைத்துவிட்டது. வெளியே தெரியாமல் தலைக்கு மை பூசிக்கொண்டு திரிந்திருக்கிறார். எங்கள் ஊர் வேர்வை சும்மா விடுமா? இரண்டு பெண் வீட்டிலும் சட்டைக் காலரில் கறுப்பாக வழிந்து காட்டிக்கொடுத்தது. வயசை மறைக்கிறான் என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதே வழிசலை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்த அத்தை, மையில்லாமல் வந்து உட்கார்ந்தால் சம்மதம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மாமா மை பூசுவதை விட்டிருந்தார். பழைய கறுப்பு சலூனில் உதிர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.