கப்பலை ஓட்டிய பல்

எங்கள் வீட்டில் சாமி படங்கள் இருந்த பலகைக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் இன்னொரு பலகை உண்டு. அதன்மேல் ஒரு விண்வெளிக் கப்பல் நின்றது. சாமி பலகையை அம்மா வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பாள். கப்பல் பலகையை நைனா தினமும் துடைப்பார். இதைப் பற்றி அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

நைனா கரன்ட் ஆபீசில் ஒயர்மேன். பகலெல்லாம் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் கம்பம் ஏறிவிட்டு வந்து, குளித்து, டீ குடித்து, லுங்கியோடு தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கப்பல் கட்டுகிற மனிதரை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. சென்னைக்குப் போயிருந்தபோது ஏதோ ஒரு கடையில், அட்டைப்பெட்டி கிழிந்திருந்ததால் பாதி விலைக்குக் கிடைத்தது என்று அதை வாங்கி வந்தார். பெட்டி முழுக்க ஜப்பான் எழுத்து. ஆசையாகத் திறந்து பார்த்தால் உள்ளே கப்பல் இல்லை. சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள்தான் இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் கொடியில் காய்த்ததுபோலக் குட்டிக் குட்டிப் பாகங்கள். ஒவ்வொன்றையும் நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, படத்தைப் பார்த்து ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்க அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் நான் செய்ய அனுமதிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். கீழே விழுந்து காணாமல் போகும் பாகத்தைத் தேடிக் கொடுப்பது.

அம்மா கடைசிவரை அதை ராக்கெட் என்றுதான் சொன்னாள். நைனாவுக்குக் கோபம் வரும். "ராக்கெட்டு இல்ல, கப்பல். ராக்கெட்டு போனா அவ்ளோதான். இது போயிட்டுத் திரும்பி வரும்" என்பார்.

முழு நீளம் என் முழங்கையளவு. பின்பக்கம் இரண்டு பக்கமும் முரசு போல இரண்டு இன்ஜின். முன்பக்கம் கண்ணாடி மூடி. மூடிக்குள்ளே அரிசி அளவில் ஒருவர் உட்கார்ந்து கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஏறி நின்று அவரைப் பார்ப்பது எனக்குத் தினசரிக் கடமை.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் கார்த்திகையில் கடலோரம் பெரிய புயல் அடித்தது. எங்களுக்குக் காற்றும் இரண்டு நாள் லீவும் மட்டும் கிடைத்தன. அங்கே கம்பமெல்லாம் சாய்ந்துகிடக்கிறது என்று செஞ்சியிலிருந்து ஐந்து பேரை வேனில் அனுப்பினார்கள். அவர்களில் நைனாவும் ஒருவர். பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "ரெண்டு வாரம் ஆவும். கப்பல தொடாத."

ஐந்து நாள் தொடவில்லை. அதை இப்போதும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஆறாம் நாள் பக்கத்து வீட்டு ஷமீமா அவள் அண்ணன் போனோடு வந்தாள். கோட்டைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் உள்ளங்கையில் மலையைத் தாங்குவதுபோலப் போட்டோ எடுத்துக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான் சூட்சுமம். அப்படியென்றால் கப்பலை நைலான் நூலில் கட்டிப் போனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால்? கோட்டையின் ராஜகிரி மலைமேல் வானத்திலிருந்து ஒரு கப்பல் இறங்கும். எங்கள் வகுப்பு மொத்தமும் வாயைப் பிளக்கும். இந்த யோசனை வந்த கணத்திலிருந்து என்னால் சோறு தின்ன முடியவில்லை. சனிக்கிழமை காலை, கப்பலைத் துண்டில் சுற்றிப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் கோட்டைக்குப் போனோம்.

கல்யாண மகாலைத் தாண்டி, பாறைகள் பக்கமாக ஓர் இடம் பிடித்தோம். ஒரு குச்சியில் நூலைக் கட்டி நான் பிடித்துக்கொண்டேன். ஷமீமா புல்லில் மல்லாந்து படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் மேல தூக்குடி... கொஞ்சம் லெஃப்ட்டு... ஏய், எறங்குதுடி! நெஜமாவே எறங்குது!"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குச்சியைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். போனில் ராஜகிரி ஒரு எறும்புப் புற்று அளவில் இருந்தது. அதன்மேல், மலையை நசுக்கிவிடுகிற பருமனில், எங்கள் கப்பல். நான் போட்ட சத்தத்தில் கிளிகள் பறந்தன. அந்தச் சத்தத்துக்குத்தானோ என்னவோ, ஒரு குரங்கும் வந்தது.

கோட்டைக்குப் போனால் தின்பண்டத்தை வெளியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும். எங்களிடம் தின்பண்டம் எதுவும் இல்லை. அதனால் பயமில்லை என்று நினைத்தோம். குரங்கு அப்படி நினைக்கவில்லை. நூலோடு கப்பலைப் பிடுங்கிக்கொண்டு பாறை உச்சிக்குப் போய் உட்கார்ந்து, முதலில் முகர்ந்து பார்த்தது. பிறகு மூக்கை ஒரு கடி கடித்தது. நகத்தால் கண்ணாடி மூடியைத் திறந்து, உள்ளே இருந்தவரை இரண்டு விரலால் எடுத்து, நைனாவைவிடப் பொறுமையாக வாயில் போட்டு மென்றது. அடுத்து இன்ஜின் ஒன்றைத் திருகித் திருகிக் கையோடு எடுத்தது. நான் செருப்பைக் கழற்றி வீசினேன். குரங்கு இன்ஜினை ஒரு பக்கமும் கப்பலை இன்னொரு பக்கமும் போட்டுவிட்டுப் போய்விட்டது.

கப்பல் பாறையில் மூன்று இடத்தில் மோதிப் புல்லில் விழுந்தது. இன்ஜின் ஒரு பிளவுக்குள் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் தெரிந்தது. பக்கத்திலேயே ஒரு பாம்புச் சட்டையும் கிடந்தது. அதற்குப் பிறகு உள்ளே கையை விட இருவரில் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சித்தியிடம் போனேன். சித்தி அம்மாவின் தங்கை. கூட்டு ரோட்டுப் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவள். டாக்டர் பல்லைப் பிடுங்குவார், சித்தி பல்லை முளைக்க வைப்பாள் என்றுதான் நான் புரிந்துவைத்திருந்தேன். பையைத் திறந்து மேசைமேல் கொட்டினேன்.

"இன்னாடி இது? மலை மேலருந்து உருட்டி வுட்டியா?"

"கொரங்கு கடிச்சிடுச்சி சித்தி."

சித்தி திட்டவில்லை. விளக்கை இழுத்துவைத்து மூக்குப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். குழிகளை விரலால் தடவினாள். "கோரப்பல்லு. நல்ல நீட்டு. ஆம்பளக் கொரங்கு" என்றாள், அதற்கும் ஒரு செட் செய்து கொடுக்கப் போகிறவள் போல. பிறகு நினைவு வந்தவளாகக் கப்பலைத் தள்ளிவைத்தாள். "எனக்கு வேல கெடக்குது. அனந்தபுரத்துத் தாத்தா ஒருத்தரு பேத்தி கல்யாணத்துக்குள்ள பல்லு வேணும்னு ஒக்காந்துனு இருக்காரு. எடுத்துனு போ."

விழுந்ததில் கழன்று வந்திருந்த மற்ற இன்ஜினை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது ஒன்னு இருக்குது சித்தி. இதே மாதிரி இன்னொன்னு வந்தா போதும்."

அதை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"உங்க நைனா எப்ப வராரு?"

"அடுத்த ஞாயித்துக்கெழம."

"அந்தக் கதவ சாத்து."

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூட மணி அடித்ததும் நான் ஓடிய ஓட்டத்தில் பை எனக்குப் பின்னால் பறந்தது. சித்தி தாத்தாவின் பல்லை முடித்துவிட்டு எனக்காகக் காத்திருப்பாள். முதல் நாள், வாயில் அச்செடுக்கும் மாவைத் தண்ணீரில் குழைத்து ஒரு டம்ளரில் ஊற்றி, நல்ல இன்ஜினை அதற்குள் அமுக்கினோம். மூன்று நிமிஷத்தில் மாவு ரப்பர் போல இறுகிவிட்டது. இன்ஜினை உருவி எடுத்தால் உள்ளே அதே உருவத்தில் ஒரு பள்ளம், ஒரு கோடுகூடக் குறையாமல்! அந்தப் பள்ளத்தில் பல் செட்டுக்கான ரோஸ் நிறப் பொடியை, மூக்கைத் துளைக்கும் ஒரு தண்ணீரோடு கலந்து ஊற்றினாள். இறுகியதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன். இன்ஜின் வந்தது. ஆனால் பக்கவாட்டில் காற்றுக் குமிழி புகுந்து, சொத்தை விழுந்ததுபோல ஓர் ஓட்டை. சித்தி அதைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி மாவைக் குழைத்தாள். இரண்டாவது வந்ததைப் பார்த்து இருவரும் கையைத் தட்டிக்கொண்டோம். வெளியே காத்திருந்த நோயாளிகள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ஈறு நிறத்தில், பளபளவென்று, எங்கள் கப்பலுக்கு இன்ஜின் முளைத்துவிட்டது.

கடித்த குழிகளை நான் அடைத்தேன். ஆப்ப சோடாவைக் குழியில் தூவி, அதன்மேல் உடனடிப் பசையை ஒரு சொட்டு விட்டால் சுரீரென்று சூடாகிக் கல்லாகிவிடும். அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, பல் இடுக்குச் சுரண்டும் கம்பியால் பழைய கோடுகளை மறுபடி இழுத்தேன். எட்டு மாதம் ஒரு விரல்கூடப் படவிடாத கப்பலுக்கு இப்போது நான்தான் டாக்டர். சித்திகூட, "உனுக்குக் கை நல்லாத்தான் வருது" என்றாள்.

ஓட்டுகிறவர் இல்லாததுதான் பெரிய குறையாக இருந்தது. சித்தி இழுப்பறையைத் திறந்து, மெழுகுப் பட்டையில் வரிசையாகப் பதித்திருந்த பற்களிலிருந்து ஒன்றை எடுத்தாள். கீழ்வரிசை முன்பல், இருப்பதிலேயே சிறியது. சுழலும் கருவியில் அதைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள். கழுத்து வந்தது, தோள் வந்தது. ஊசி முனையில் மை தொட்டு நான் இரண்டு கண் வைத்தேன். குரங்கு தின்றவரைவிட இவர் கொஞ்சம் வெளுப்பு, கொஞ்சம் குண்டு. ஆனால் தைரியசாலி போலத் தெரிந்தார்.

நைனா வைத்திருந்த பெயின்ட் காய்ந்துபோயிருந்தது. பக்கத்து மெக்கானிக் கடையில் ஒரு ஸ்கூட்டருக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி போய்க் கேட்டாள். ஸ்கூட்டரின் மட்கார்டுக்குப் பக்கத்தில் கப்பலையும் கம்பியில் தொங்கவிட்டு, இரண்டுக்கும் ஒன்றாகவே அடித்தார்கள். நிறம் பழையதைவிட ஒரு சுற்று அழுத்தம். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

இதற்கிடையில் வியாழக்கிழமையிலிருந்து அம்மாவின் போக்கு சரியில்லை. நான் உள்ளே வந்தால் போனில் பேச்சை நிறுத்தினாள். பலகை காலியாக இருப்பதைப் பற்றி அதுவரை நச்சரித்தவள் இப்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழம்பைத் தட்டோடு கவிழ்த்தேன், அதற்கும் திட்டவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது, நைனா வரட்டும் என்றுதான் காத்திருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பலைக் கொண்டுவந்து அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தேன்.

நைனா ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தோளில் பை, கையில் இரண்டு சாப்பாட்டுத் தூக்கு. ஒன்று எங்களுடையது. இன்னொன்று நீல மூடி போட்டது.

"அது யாருது நைனா?"

"சும்மா இரு" என்று அம்மா அதை வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள்.

நைனா குளிக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. பலகைக்கு எதிரே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து கப்பலையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இன்ஜினைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், கோடுகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து ஒரே மூச்சில் கொட்டினேன்.

"திட்டாத நைனா. போட்டோ எடுக்கத்தான் எடுத்துனு போனேன். கொரங்கு பிடுங்கிடுச்சி. நான் செருப்பால அடிச்சேன். இன்ஜினு சித்தி பல்லு செட்டு மாவுல செஞ்சிச்சி, மேலதான் பெயின்ட்டு, உள்ள ரோசு கலரு. ஓட்டுறவர கொரங்கு தின்னுடுச்சி நைனா. இப்ப ஓட்டுறது பல்லு."

நைனா மெல்லத் திரும்பினார். "இன்னா ஓட்டுது?"

"பல்லு."

எழுந்துபோய்க் கப்பலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூடிக்குள் எட்டிப் பார்த்தார். என் இரண்டு கண்களோடு பல் அவரைத் திரும்பப் பார்த்திருக்கும். நைனா சிரித்துவிட்டார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. நிற்க முடியாமல் கீழே உட்கார்ந்து சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சத்தமே வராமலும் சிரிக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். அம்மா ஓடிவந்து கப்பலை அவர் கையிலிருந்து வாங்கிவைத்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நீ போயி பாலு வாங்கினு வா" என்று என்னை அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பால் அப்போதே வந்து அடுப்பில் இருந்தது. எனக்கு அதெல்லாம் முக்கியமாகப்படவில்லை. சித்தி வீட்டுக்குப் பறந்தேன்.

"திட்டல சித்தி! சிரிச்சாரு! கண்ணுல தண்ணி வர வரிக்கும் சிரிச்சாரு!"

சித்தி சிரிக்கவில்லை. என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

வேனில் போன ஐந்து பேரில் நான்கு பேர்தான் திரும்பினார்கள் என்பது எனக்குத் தெரியப் பல வருஷமாயிற்று. புதன்கிழமை, புயலில் வேர் தளர்ந்து நின்ற ஒரு புளியமரம், நைனாவோடு கம்பி இழுத்துக்கொண்டிருந்தவர்மேல் சாய்ந்திருக்கிறது. நைனா நான்கடி தள்ளி நின்றிருந்தார். செத்தவருக்குச் சொந்த ஊர் தொண்டூர். வேனிலேயே தங்கிவிட்ட அந்த நீல மூடித் தூக்கை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுக்க நைனாவுக்கு மேலும் இரண்டு நாள் தேவைப்பட்டது. எதுவும் என் காதில் விழாமல் வீட்டில் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் ஷமீமா போட்டோவைப் பற்றிச் சொன்னாள், நான் மிச்சத்தைச் சொன்னேன். குரங்கு, இன்ஜின், பல், எல்லாம். எல்லாரும் கேட்டது கடைசிப் பகுதியைத்தான். நைனா எப்படித் தரையில் உட்கார்ந்தார், எப்படி முகத்தை மூடிக்கொண்டார், தோள் எப்படிக் குலுங்கியது என்று பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று அப்படியே நடித்துக் காட்டினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். செய்தேன்.